ஆராய்ச்சிக்கூடத்தின் வாயிலில்

நம் பல்கலைக்கழகத்தின் வாயிலில் சாவித்திரிபாய் பூலே அம்மையாரின் பெயர் நிற்கிறது. இந்நகரின் டாக்டர் அம்பேத்கர் சாலையில் தேசிய நச்சுயிரியல் ஆராய்ச்சி நிலையம் நிற்கிறது. நாள்தோறும் இவ்விரண்டையும் கடந்து செல்லும் நாம் ஒரு கேள்வியை மட்டும் கேட்டுக்கொள்வதில்லை. இப்பெருமக்கள் எந்த மக்களுக்காகப் பாடுபட்டார்களோ, அம்மக்களின் பிள்ளைகள் வாயிலைத் தாண்டி ஆராய்ச்சிக்கூடத்தின் உள்ளே சென்றிருக்கிறார்களா? செல்லவில்லையெனில் தடுப்பது எது? நாம் செய்யக்கூடியது யாது? இக்கட்டுரை இவற்றைப் பற்றியது.

1897-ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். புனேயில் பிளேக் நோய் கோரத் தாண்டவமாடியது. 1848-இல் இங்குள்ள பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய அதே சாவித்திரிபாய் அம்மையார், தம் முதிய வயதில் நோயாளிகளுக்குத் தொண்டு செய்தார். நோய் கண்ட சிறுவன் ஒருவனைத் தம் மகனின் மருத்துவ நிலையத்திற்குத் தாமே சுமந்து சென்றார் என்பர். அந்நோய் அவரையும் பற்றியது. மார்ச் 10-ஆம் நாள் அவர் மறைந்தார். அதே ஆண்டு ஜனவரியில், பம்பாயில், ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி தாம் கண்ட பிளேக் தடுப்பூசியைத் தம் உடம்பிலேயே குத்திச் சோதித்துப் பார்த்தார். இருவரும் ஒரே நோயோடு போராடினர். ஒருவர் நோயாளியைச் சுமந்தார். மற்றொருவர் நோயை ஆராய்ந்தார். நோயைச் சுமக்கும் மக்களிடமிருந்தே அதை ஆராய்பவரும் தோன்ற வேண்டாவா என்பதே நம் கேள்வி.

உயிர் மருத்துவ ஆராய்ச்சி என்பது மருத்துவத் தொழில் அன்று. மருத்துவர் நோயாளிக்கு மருந்து தருகிறார்; ஆராய்ச்சியாளர் அந்த நோய் ஏன் வருகிறது, எப்படிப் பரவுகிறது, எதனால் அடங்கும் என்று தேடுகிறார். இத்தொழிலுக்கு இந்தியாவில் புனேயைப்போல வாய்ப்பு மிக்க ஊர்கள் சிலவே. 1952-இல் நச்சுயிர் ஆராய்ச்சி மையம் என்ற பெயரில் தொடங்கிய நிலையமே இன்றைய தேசிய நச்சுயிரியல் நிலையம். கர்நாடகத்து மலைக்காடுகளில் மனிதரையும் குரங்குகளையும் கொன்ற காய்ச்சலுக்குக் காரணமான நச்சுயிரை 1957-இல் கண்டறிந்தவர்கள் இந்நிலையத்தார். 2020-இல் கொரோனா நச்சுயிரை நம் நாட்டில் பிரித்தெடுத்து வளர்த்தவர்களும் இவர்களே. தேசிய உயிரணு அறிவியல் மையம் நம் வளாகத்திற்குள்ளேயே இருக்கிறது. பாஷான் பக்கம் சென்றால் தேசிய இரசாயன ஆய்வுக்கூடமும், 2006-இல் தோன்றிய ஐசர் நிலையமும் உள்ளன.

‘யார் ஆராய்ந்தால் என்ன? உண்மை ஒன்றுதானே?’ என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. உண்மை ஒன்றுதான். ஆனால் எந்த உண்மையைத் தேடுவது என்று முடிவு செய்பவர் மனிதர் அல்லவா? ஓர் எடுத்துக்காட்டுப் பார்ப்போம்.

இரத்தத்தின் சிவப்பணு வட்டத் தட்டுப் போன்றது. ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் ஒரு சங்கிலியில், ஆறாம் இடத்தில் இருக்கவேண்டிய ஓர் அமினோ அமிலத்திற்குப் பதில் வேறொன்று அமைந்துவிட்டால், அணு அரிவாள்போல வளைந்துவிடுகிறது. வளைந்த அணுக்கள் சிறு குழாய்களை அடைக்கின்றன, தாங்கொணா வலி வருகிறது, உறுப்புக்கள் கெடுகின்றன. தாய் தந்தை இருவரும் இக்குறையைச் சுமப்பவராயின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்புண்டு. இதுவே அரிவாள் அணுச் சோகை. இந்தியாவில் இது முதன்முதல் அறிவிக்கப்பட்ட இடம் நம் தமிழ்நாடு. 1952-இல் லேமன், கட்புஷ் என்ற இரு விஞ்ஞானிகள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இக்குறையைக் கண்டார்கள். பின்னர் மத்திய இந்தியா எங்கும், இந்த மகாராஷ்டிரத்தின் நந்தூர்பார், கட்சிரோலிப் பழங்குடியினரிடமும் மிகுதியாகக் காணப்பட்டது. 2047-க்குள் இதை ஒழிப்பதென்று 2023 ஜூலையில் மத்திய அரசு ஓர் இயக்கம் தொடங்கி, ஏழு கோடிப் பேரைச் சோதிக்கத் திட்டமிட்டது.

சோதனை முடிந்ததும் ஓர் அட்டை தருகிறார்கள். குறையைச் சுமப்பவர் இருவர் மணந்துகொள்ளுமுன் யோசிக்கட்டும் என்பதே அட்டையின் நோக்கம். அறிவுக்குப் பொருத்தமான ஏற்பாடு. ஆனால் அட்டையைக் கையில் வாங்கும் பெண்ணின் வீட்டார், ‘இனி நம் பெண்ணைக் கேட்டு யார் வருவார்?’ என்று அஞ்சி அதை ஒளித்துவைத்தால் என்ன செய்வது? அந்த அச்சத்தை யாரிடம் சொல்லுவார்கள்? வெளியூரிலிருந்து ஊசியுடன் வந்தவரிடமா, தம் மொழி பேசித் தம் தெருவில் வளர்ந்தவரிடமா? பழங்குடி ஆராய்ச்சியாளர் ஒருவர் அந்த அணியில் இருந்தால், இக்கேள்வி திட்டம் தீட்டும் முதல் நாளிலேயே எழும். ஆகையால், ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளை ஆராய்ச்சிக்கு அழைப்பது அவர்கள்பால் காட்டும் இரக்கம் அன்று, ஆராய்ச்சியின் தேவை.

இடஒதுக்கீடு இருக்கிறதே, இன்னும் என்ன குறை என்று கேட்கலாம். மத்திய கல்வி நிலையங்களில் தாழ்த்தப்பட்டோர்க்கு நூற்றுக்கு 15, பழங்குடியினர்க்கு 7.5, பிற்படுத்தப்பட்டோர்க்கு 27 இடங்களை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்கிறது. இச்சட்டம் இல்லையேல் நம்மில் பலர் இவ்வூரையே பார்த்திருக்க மாட்டோம். ஆனால் ஆராய்ச்சி என்பது ஓர் இடத்தில் உட்காருவதோடு முடிவதில்லை. எம்.எஸ்ஸி. இரண்டு ஆண்டு, முனைவர் பட்டம் ஐந்தாறு ஆண்டு, அதற்கப்பாலும் பயிற்சிக் காலம். நெடிய இந்தப் பாதையில் நான்கு இடங்களில் நம் பிள்ளைகள் விழுந்துவிடுகிறார்கள்.

முதலாவது, அறியாமை. இதை வேறு யார்மேலும் சொல்லாமல் என்மேலேயே சொல்லிக்கொள்கிறேன். நான் ஊரில் பி.எஸ்ஸி. படித்த மூன்றாண்டுகளில், ஆராய்ச்சி மாணவர்க்கு மாதந்தோறும் பணம் தருவார்கள் என்று எனக்குத் தெரியாது. முனைவர் பட்டம் என்பது நாம் பணம் கட்டிப் படிக்கும் படிப்பு என்றே எண்ணியிருந்தேன். ‘இன்னும் எத்தனை வருஷம் செலவு?’ என்று வீட்டில் கேட்டபோது விடை சொல்லத் தெரியவில்லை. இங்கு வந்தபின், விடுதி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தமிழ் அண்ணன் ஒருவர்தாம், ‘தம்பி, தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கினால் செலவு உனக்கில்லை, அரசாங்கத்துக்கு’ என்றார். அவர் அன்று துணி உலர்த்த வராதிருந்தால் நான் இன்று மருந்துக் கம்பெனி ஒன்றில் விற்பனைப் பையைத் தூக்கிக்கொண்டிருப்பேன். என் வகுப்புத் தோழன் ஒருவனுக்கோ மாமா விஞ்ஞானி. அவன் இங்கு வருமுன்பே இரண்டு கோடை விடுமுறைகளை ஆராய்ச்சிக்கூடத்தில் கழித்திருந்தான். நேர்முகத் தேர்வில் முதற்கேள்வியே, ‘இதற்குமுன் எந்த ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தாய்?’ என்பதுதான். எங்கள் இருவருக்கும் அறிவில் இருந்த வேறுபாடு சிறிது. செய்தியில் இருந்த வேறுபாடு பெரிது.

இரண்டாவது, பணம் வரும் காலம். இளநிலை ஆராய்ச்சி மாணவர்க்கு மாதம் 37,000 ரூபாயும், முதுநிலையில் 42,000 ரூபாயும் என்று 2023 ஜனவரி முதல் உயர்த்தினார்கள். வீட்டு வாடகைப்படி தனி. தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான தேசிய உபகாரச் சம்பளம் ஆண்டுக்கு 2,000 பேருக்கு என்பது திட்டம். அதில் விஞ்ஞானத்திற்கு ஒதுக்கியது 500. பழங்குடியினர்க்கும் பிற்படுத்தப்பட்டோர்க்கும் தனித்தனித் திட்டங்கள் உண்டு. சிறுபான்மைச் சமயத்தவர்க்கு இருந்த மௌலானா ஆசாத் உபகாரச் சம்பளம் 2022-23 முதல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. தொகை சிறிது என்று இன்று சொல்வதற்கில்லை. ஆனால் அது மாதந்தோறும் ஒழுங்காக வருவதில்லை. சில வேளைகளில் பல மாதங்கள் சேர்ந்து வருகிறது. வீட்டில் வசதியுள்ளவன் காத்திருப்பான். வீட்டுக்கு அனுப்ப வேண்டியவன் எங்ஙனம் காத்திருப்பான்?

பணம் நின்றால் எத்துணைப் பெரிய அறிவும் தடைப்படும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரின் வாழ்வே சான்று. 1913-இல் பரோடா மன்னரின் உபகாரச் சம்பளத்தால் அவர் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். 1916-இல் இலண்டனில் சேர்ந்தார். 1917-இல் உபகாரச் சம்பளத்தின் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பம்பாயில் ஆசிரியராக வேலை பார்த்துச் சேமித்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் நண்பர் ஒருவரின் கடனும் பெற்று, 1920-இல்தான் மீண்டும் கப்பலேறினார். அம்பேத்கர் ஒருவர் மீண்டார். மீளாதவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியா.

மூன்றாவது, சான்றிதழ். ஊரைவிட்டு வந்த நம் போன்றோர்க்கே உரிய சிக்கல் இது. கவனித்துப் படிக்க வேண்டுகிறேன். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் பட்டியல்கள் மாநிலத்திற்கு மாநிலம் வேறானவை. ஒரு மாநிலத்தில் பெற்ற உரிமை அடுத்த மாநிலத்திற்குக் கூடவே வருவதில்லை. ஆந்திரத்தில் பழங்குடி என்று அறிவிக்கப்பட்ட ஒரு சமூகத்தைச் சேர்ந்த மாணவர், தந்தையின் வேலை காரணமாகப் பம்பாயில் படித்து, அங்கே மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கேட்டார். மகாராஷ்டிரத்தில் அவ்வுரிமை இல்லை என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றளவும் சட்டம் அதுவே.

இதன் பொருள் என்ன? நம் பல்கலைக்கழகம் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆகவே தமிழ்நாட்டுச் சான்றிதழைக் காட்டி இங்கே மகாராஷ்டிர ஒதுக்கீட்டைக் கேட்க இயலாது. புனேயிலேயே இருக்கும் டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் ஆராய்ச்சி பயிற்சி நிலையத்தின் உபகாரச் சம்பளமும் மகாராஷ்டிர மாணவர்க்கே உரியது. ஆனால் ஐசர், நச்சுயிரியல் நிலையம், உயிரணு மையம் போன்ற மத்திய நிலையங்களிலும், மத்திய அரசின் உபகாரச் சம்பளங்களிலும் நம் ஊர்ச் சான்றிதழ் செல்லும். மத்திய அரசின் உபகாரச் சம்பளத்தைப் பெற்று மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆராய்வதற்கும் தடையில்லை. இவ்வேறுபாடு தெரியாமல் ‘நமக்கு இங்கே ஒன்றுமில்லை’ என்று ஊர் திரும்பியவர் உண்டு.

பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் இன்னொன்றையும் நினைவில் கொள்க. தமிழ்நாட்டில் நாம் வாங்கிய சான்றிதழில் ‘பிற்படுத்தப்பட்டோர்’ என்றோ ‘மிகப் பிற்படுத்தப்பட்டோர்’ என்றோ இருக்கும். மத்திய நிலையங்கள் அதை ஏற்பதில்லை. மத்தியப் பட்டியலின்படி, வசதி படைத்த பிரிவைச் சேர்ந்தவர் அல்லர் என்று தாசில்தார் தரும் ஓ.பி.சி. சான்றிதழ் தனியே வேண்டும். அதுவும் அண்மையில் பெற்றதாக இருக்கவேண்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும்போதே வாங்கி வருவது அறிவுடைமை. கிர்க்கி, தாபோடிப் பகுதிகளில் தலைமுறையாக வாழும் தமிழ்க் குடும்பத்துத் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்கள், தந்தைக்குச் சொந்த மாநிலத்தில் தரப்பட்ட சான்றிதழைக் காட்டி இங்குள்ள அதிகாரியிடமே சான்றிதழ் பெற மத்திய அரசின் விதி இடந்தருகிறது. அது மகாராஷ்டிர உரிமைகளைத் தாராது. மத்திய உரிமைகளைத் தரும்.

பெயரிலும் எச்சரிக்கை வேண்டும். இவ்வூர்ப் படிவங்கள் முதலில் குலப்பெயரைக் கேட்கின்றன. நமக்கோ தலையெழுத்து ஒன்றுதான். ஓர் இடத்தில் அப்பா பெயரை விரித்தெழுதி, மற்றோர் இடத்தில் எழுத்தை மட்டும் போட்டால், மதிப்பெண் பட்டியல் ஒருவருடையதாகவும் வங்கிக் கணக்கு இன்னொருவருடையதாகவும் ஆகிவிடும். உபகாரச் சம்பளம் நடுவழியில் நின்றுவிடும். நாளை ஆய்வுக் கட்டுரை வெளிவரும்போது, உழைத்தவர் மகனாகவும் உலகம் குறிப்பிடும் ஆசிரியர் அப்பாவாகவும் இருக்க நேர்வது வேறு கதை. அப்பாவுக்கு மகிழ்ச்சியே எனினும், முதலிலேயே ஒரே முறையில் எழுதிப் பழகுவோம்.

நான்காவது, தனிமை. 2007-இல் பேராசிரியர் சுகதேவ் தோரட் தலைமையிலான குழு, தலைநகரின் அகில இந்திய மருத்துவ நிலையத்தை ஆராய்ந்தது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்க்கு ஆசிரியரின் துணை போதிய அளவு கிட்டவில்லை என்றும், விடுதியிலும் அவர்கள் ஒதுங்கி வாழ நேர்ந்தது என்றும் அக்குழு அறிவித்தது. ஆராய்ச்சியில் தோல்வியே மிகுதி. பத்துச் சோதனைகளில் எட்டுப் பயன்தாரா. அப்போது ‘எனக்கும் அப்படித்தான் ஆயிற்று’ என்று சொல்ல ஒருவர் இருந்தால் மறுநாள் மீண்டும் தொடங்கலாம். இல்லையேல், ‘இவ்விடம் நமக்குரியதன்று’ என்ற எண்ணம் வேரூன்றிவிடும்.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. அமெரிக்காவில் 1970-களின் பிற்பகுதியில் யூரி டிரைஸ்மன் என்ற கணித ஆசிரியர், பெர்க்லிப் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர் பலர் கணிதத்தில் தோற்பது ஏன் என்று ஆராய்ந்தார். அவர்கள் சோம்பேறிகள் அல்லர், கடுமையாகவே உழைத்தனர். ஆனால் தனித்தனியே உழைத்தனர். நன்கு தேறிய சீன மாணவரோ கூடிப் படித்தனர். ஒருவர் பிழையை மற்றவர் திருத்தினர். டிரைஸ்மன் கறுப்பின மாணவரைக் கூட்டிக் கடினமான கணக்குகளைச் சேர்ந்து செய்யவைத்தார். தேர்ச்சி உயர்ந்தது.

1988-இல் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் கவுண்டிப் பல்கலைக்கழகத்தில் மேயர்ஹாஃப் திட்டம் தொடங்கிற்று. பணம் மட்டும் தருவது அதன் நோக்கம் அன்று. கல்லூரி தொடங்குமுன் கோடைப் பயிற்சி, கூடிப் படிப்பது, தொடக்கத்திலேயே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை, பழகி வழிகாட்டும் மூத்தவர் என்று அனைத்தையும் சேர்த்துத் தந்தது. கொரோனாத் தடுப்பூசிகளுள் ஒன்றை உருவாக்கிய அமெரிக்க அரசு விஞ்ஞானிகளில் முன்னின்ற கிஸ்மேக்கியா கார்பெட் அம்மையார், 2008-இல் இத்திட்டத்தின்கீழ்ப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்மணி. ஒரு பிள்ளைக்குக் கிடைத்த துணை உலகத்திற்குத் தடுப்பூசியாகத் திரும்பி வந்தது. ஆயினும் 2025-இல் அமெரிக்க அரசு, சிறுபான்மை மாணவரை உயிர் மருத்துவ ஆராய்ச்சிக்குப் பயிற்றிய தன் திட்டங்கள் பலவற்றை நிறுத்திவிட்டது. அரசின் கொடை அரசு மாறினால் மாறும். மாணவர் மாணவர்க்குச் செய்யும் துணையை யாரும் உத்தரவிட்டு நிறுத்த இயலாது.

ஆகவே, நம் சங்கத்திற்குச் சில யோசனைகளை முன்வைக்கிறேன். எவையும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல.

ஆண்டுதோறும் நவம்பர் முதல் வாரத்தில் ஒரு மாலை கூடுவோம். பெங்களூர், டெல்லி, அலகாபாத் ஆகிய இடங்களின் மூன்று விஞ்ஞானக் கழகங்களும் சேர்ந்து தரும் கோடை ஆராய்ச்சிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் காலம் அதுவே. இரண்டு மாதம் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. உதவித்தொகையும் இரயில் செலவும் உண்டு. மாமா விஞ்ஞானியாக இல்லாதவர்க்கு இதுவே மாமா. மூத்தவர்கள் உடனிருந்து படிவத்தை எழுதச் செய்யவேண்டும்.

வாரம் இருமுறை கூடிப் படிப்போம். சி.எஸ்.ஐ.ஆர்., ஐ.சி.எம்.ஆர்., உயிரித் தொழில்நுட்பத் துறை ஆகியவற்றின் தேர்வுகளுக்குத் தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பதை விடுவோம். ஆங்கிலத்தில் புரியாததைத் தமிழில் விளக்கிக்கொள்ள நாணவேண்டாம். புரிந்தபின் ஆங்கிலத்தில் எழுதுவது எளிது.

சிறு கைமாற்று நிதி ஒன்று வைப்போம். பொங்கல் விழாவிற்குத் திரட்டும் நன்கொடையில் ஒரு பங்கை ஒதுக்கினால் போதும். உபகாரச் சம்பளம் தாமதமாகும் தோழர்க்கு வாடகைக்கும் சாப்பாட்டிற்கும் கொடுத்து, பணம் வந்ததும் திரும்பப் பெறலாம். வட்டி வேண்டாம், காரணமும் பலர்முன் கேட்கவேண்டாம்.

கடைசியாக, ஒவ்வொருவரும் தாம் பயின்ற ஊர்க் கல்லூரிக்கு ஆண்டுக்கு ஒரு கடிதமேனும் எழுதுவோம். விடுமுறையில் ஒரு மணி நேரம் அங்குச் சென்று பேசுவோம். நீலகிரியிலோ இராமநாதபுரத்திலோ ஒரு மாணவி இன்று கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, ‘இந்தப் படிப்புக்குமேல் என்ன இருக்கிறது?’ என்று எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குச் சொல்ல நம்மிடம் விடை இருக்கிறது. அதை நாமே வைத்துக்கொள்வது நியாயமா?

நண்பர்களே, அன்று விடுதி மாடியில் எனக்குச் செய்தி சொன்ன அண்ணன், தாம் ஒரு பெரிய உதவி செய்ததாக நினைத்திருக்கமாட்டார். ஈரத்துணியைக் கொடியில் போட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். ஆனால் அத்தகைய செய்தி தற்செயலாகக் கிடைப்பதை இனி நம்பியிருக்கலாகாது. அடுத்த ஆண்டு வருபவர் யாராயினும், வந்த முதல் வாரத்திலேயே அவர் காதில் அது விழவேண்டும். அதைச் சொல்லும் பொறுப்பு நம்முடையது.